காயம் வேர்க்காது

கண்ணு, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் பாதியிலேயே "விடுங்க சித்தி, பழசெல்லாம் எதுக்கு" என்று எழுந்து வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவாய். எழுத்தென்றால் நீ எழுந்து போனாலும் அது மேஜைமேல் அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து படிக்கலாம். அதனால்தான் இரண்டு நாளாக, நீ கம்பெனிக்குப் போன பிறகு, உன் பழைய நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உன் செக்‌ஷனில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற பீகார்க்காரரைப் பற்றிச் சொன்னாய். டீ-ஷர்ட் தோள்பட்டையில் எண்ணெய்க் கறை விழுந்து ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. நீ நேரே போய், மெஷினில் உட்கார்ந்திருந்த மனுஷனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, லைனில் எல்லோரும் பார்க்க இரண்டு அறை விட்டிருக்கிறாய். மறுநாள் பார்த்தால் கறை அவர் மெஷினில் விழுந்ததே இல்லை, துணி பின்னுகிற நிட்டிங்கில் இருந்து வரும்போதே துணியில் இருந்திருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். "ரெண்டு அறை வேஸ்ட்டாப் போச்சு சித்தி" என்றாய். அவருக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டேன். "அம்பது இருக்கும். பாஷையே தெரியாது, ரெண்டு நாள்ல மறந்துருவான்" என்றாய். என்னால் அதற்குமேல் சாப்பிட முடியவில்லை. கை கழுவப் போனவள் திரும்பி வரவே இல்லை. நீ கவனித்திருக்க மாட்டாய், போன் வந்துவிட்டது உனக்கு.

வருகிற தையில் உனக்குக் கல்யாணம். அந்தப் பெண் இந்த வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் உன் இடது காலில் இருக்கிற நீலத் திட்டின் கதையை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உனக்குத் தெரிந்ததெல்லாம் அது பிறவியிலேயே வந்தது, ஒன்றும் செய்யாது என்பது மட்டும்தான். அந்தப் பதில் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று நானும் சொன்னதில்லை, உன் அப்பாவும் சாகும்வரை சொன்னதில்லை.

உன்னைப் பெற்றவள் மஞ்சள் காமாலையில் போனபோது உனக்கு மூன்று வயசு. உனக்கு ஐந்து நடக்கும்போது நான் வந்தேன். எனக்கு அப்போது முப்பத்தொன்று. மூலனூரில் எனக்கு வந்த வரன்கள் எல்லாம் ஒன்று மாற்றி ஒன்று தட்டிப்போய், இனிமேல் இவளுக்கு நடக்காது என்று எல்லோரும் விட்டுவிட்ட நேரம். திருப்பூரில் கட்டிங் மாஸ்டர், ஒரு பையன் இருக்கிறான், நல்ல மனுஷன் என்று சொன்னார்கள். நல்ல மனுஷன்தான். குடிக்க மாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கையில் கொடுப்பார். அனுப்பர்பாளையத்தில் நாம் குடியிருந்த லைன் வீட்டுக்கு அடுத்த சுவர் பாத்திரப் பட்டறை. காலையில் இருந்து பொழுது சாயும்வரை தட்டிக்கொண்டே இருப்பார்கள். முதல் மாதம் எனக்குத் தலைவலி தாங்கவில்லை. நீ அந்தச் சத்தத்திலேயே படுத்துத் தூங்குவாய்.

உன் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலில், நான் வரும்போது புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நீலப் புள்ளி இருந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பாய் என்று விட்டுவிட்டேன். அது என் முதல் தவறு. குளிப்பாட்டும்போது அந்த இடத்தில் சோப்புப் பட்டாலே "ஐயோ சித்தி" என்று காலை இழுத்துக்கொள்வாய். ஒரு வருஷத்தில் அது என் உள்ளங்கையில் பாதிக்கு வந்துவிட்டது. நீலமும் சிவப்புமாக, ஓங்கி ஒரு அடி விழுந்து இரத்தம் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. உன் அப்பாவிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை. பயம். மாற்றாந்தாய் வளர்க்கிற பிள்ளை காலில் அடிபட்ட மாதிரி ஒரு குறி இருந்தால் கை யாரைக் காட்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் நீளமான டவுசராகப் பார்த்து வாங்கிப் போட்டேன். மறைக்கிறவள் குற்றவாளியாகத்தான் தெரிவாள் என்று அப்போது புரியவில்லை.

இரண்டாயிரத்து நான்கோ ஐந்தோ, அவிநாசியில் உன் பெரிய அத்தை வீட்டில் காதுகுத்து. உனக்கு ஆறு வயசு. அத்தை எடுத்துக்கொடுத்த புது டவுசர் கட்டை, முழங்காலுக்கு மேலேயே நின்றது. நீ பந்தலில் ஓடியபோது எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அத்தை உன்னைத் தூக்கி மடியில் வைத்து அந்த இடத்தைத் தொட்டாள். நீ வீறிட்டுக் கத்தினாய். அவ்வளவுதான், பந்தலே அமைதியாகிவிட்டது.

"யாரு கண்ணு அடிச்சது?" என்றாள் அத்தை.

நீ காலை இழுத்துக்கொண்டாய்.

"சொல்லு சாமி, அத்தை இருக்கறேன். ஒண்ணும் பண்ண மாட்டாங்க. சித்தியா?"

நீ என்னைப் பார்த்தாய். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேர் முகத்தையும் பார்த்தாய். மறுபடி அத்தை, "சித்திதானே?" என்றாள். நீ தலையை ஆட்டினாய்.

உன்மேல் எனக்கு இன்று ஒரு துளி வருத்தம் இல்லை. ஆறு வயசுப் பிள்ளை, கேட்கிறவர்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தது. "தாயில்லாத கொழந்தைய இப்படியா பண்ணுவா? உன்ற பொண்டாட்டி கைவண்ணத்தப் பாரு தம்பி" என்று அத்தை சொன்னது மட்டும் காதில் விழுந்தது. உன் அப்பா சாப்பிடாமல் எழுந்து உன்னை அத்தையிடம் விட்டுவிட்டு, என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்தார். வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பேசாத மனுஷனின் கோபம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். மூலையில் அவருடைய இரும்பு ஸ்கேல் சாய்ந்திருந்தது, துணிக்கு அளவு போடுகிற ஒரு மீட்டர் ஸ்கேல். அதை எடுத்தார். "என்ற பையன அடிச்சயா?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "இல்லீங்க, சத்தியமா இல்லீங்க, அது தானா வந்துதுங்க" என்றேன். தானாக வந்தது என்றதும்தான் அவருக்கு வெறி ஏறியது. முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். நான் கையைக் குறுக்கே வைத்தேன், மணிக்கட்டில் விழுந்தது. ஸ்கேலின் விளிம்பு நெற்றியைக் கிழித்து ரத்தம் கண்ணில் இறங்கியது. கீழே விழுந்த பிறகு ஸ்கேலைப் போட்டுவிட்டுக் கையால் அறைந்தார். அதில் ஒன்று இடது காதில். காதுக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு பட்டறைத் தட்டல் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கேட்டது. நான் கத்தினேன் கண்ணு. அது ஞாயிறு மத்தியானம், ஆனால் பட்டறையில் அவசர வேலை, தட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. என் காது, பின்னால் நான் வேலைக்குப் போன கம்பெனி மெஷின் சத்தத்தில் போனது என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். பொய்.

மறுநாள் அத்தை உன்னைக் கொண்டுவந்து விட்டாள். உன் அப்பா உன்னைத் தெருமுனை டாக்டரிடம் காட்டினார். அவர் கையில் லென்ஸும் இல்லை, பொறுமையும் இல்லை. பார்த்த மாத்திரத்தில், "இரத்தக்கட்டுங்க. யாரோ நல்லா ஓங்கி அடிச்சிருக்காங்க" என்று ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். தீர்ப்பு உறுதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து உன்னை அவிநாசிக்கே கூட்டிப்போய் வளர்க்கப்போவதாக அத்தை போன் போட்டுச் சொன்னாள். உன் அப்பாவும் சரி என்றார். உன்னை அனுப்பிய பிறகு நானும் மூலனூருக்குப் போய்விட வேண்டியதுதான் என்று என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் பார்க்கிற மாதிரியும் இல்லை.

இனி சொல்லப்போவதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடம் போகவில்லை நீ. தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிப் படம் அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வீங்கிய கண்ணால் உன்னைப் பார்த்து, "ஏன் கண்ணு என்னைச் சொன்னே?" என்று கேட்டேன். நீ நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படம் அடுக்கினாய். இன்னொரு தடவை கேட்டேன். நீ அடுத்த படத்தை எடுத்தாய். எனக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அடிக்காமலே அடித்தவள் ஆகிவிட்டேன், இனி அடித்தால் என்ன என்று தோன்றியதோ என்னவோ. கையில் இருந்த மரக்கரண்டியால் அடித்தேன். வேறெங்கும் இல்லை, அந்த நீலத்தின்மேலேயே அடித்தேன். பார்த்து, குறிவைத்துத்தான் அடித்தேன். நீ கத்திய கத்தல் மனுஷக் குரலாகவே இல்லை. கத்திவிட்டு மூச்சு வராமல் வாயைத் திறந்தபடியே இருந்தாய். கரண்டியை வீசிவிட்டு உன்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு காலைப் பிடித்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்த நீலத்தின்மேல் மட்டும் நீர் முத்துமுத்தாகக் கோர்த்து நின்றது. முந்தானையால் துடைத்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி பொடித்தது. முழங்கால் காய்ந்து கிடக்கிறது, பாதம் காய்ந்து கிடக்கிறது, அந்த அரை உள்ளங்கை இடத்தில் மட்டும் வேர்வை ஊறிக் கணுக்காலுக்கு வழிகிறது. தினமும் சாயங்காலம் உன் இடது சாக்ஸ் மட்டும் ஈரமாக இருந்ததும், தண்ணீர்க் குழாயில் விளையாடுகிறாய் என்று நான் திட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடிபட்ட இடம் எங்கேயாவது வேர்க்குமா? பட்டறைக்காரர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் முகத்தையும் பார்த்தார், உன் காலையும் பார்த்தார். "இது அடி இல்லீங் அம்மிணி. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில தோலுக்குன்னே டாக்டருங்க இருக்கறாங்க. என்ற கைப் புண்ணுக்கு அங்கதான் போனேன். நாளைக்கே கூட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை உன் அப்பா வேலைக்குப் போனதும் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் லைன் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பட்டறைக்காரர் மனைவியிடம் விவரம் கேட்டுக்கொண்டு உன் அப்பா பின்னாலேயே வந்துவிட்டார். தோல் பிரிவு வாசலில் ஐம்பது பேர் சீட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நான் உன்னை மடியில் வைத்திருக்கிறேன். பின்னாலிருந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தார். நீ மடியில் இருந்து உருண்டாய். தரையில் இழுத்துக்கொண்டு இரண்டடி போயிருப்பார். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் குறுக்கே விழுந்து தடுத்தார், அவருக்கும் ஒரு குத்து விழுந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் வந்து நின்றார். குள்ளமான அம்மா, கண்ணாடி போட்டவர். சத்தமே போடவில்லை. "முதல்ல கைய எடுங்க. எடுத்துட்டு உள்ள வாங்க, மூணு பேரும்" என்றார்.

உள்ளே போனதும் உன்னைக் கட்டிலில் உட்கார வைத்தார். "எப்ப இருந்து இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் என்றேன். "இதே இடத்துலயா? நிறம் மாறவே இல்லையா? இரத்தக்கட்டுன்னா பச்சையாகி மஞ்சளாகி ரெண்டு மூணு வாரத்துல போயிருக்கணுமே" என்றார். அவர் தொட்டதும் நீ காலை இழுத்துக்கொண்டாய். பிறகு உன் அருகில் குனிந்து, "தம்பி, உன்னை யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டார்.

முந்தின நாள்தான் நான் அடித்திருந்தேன். உன் அப்பா கதவருகே நிற்கிறார். நீ என்னைப் பார்த்தாய், என் நெற்றிக் காயத்தைப் பார்த்தாய், வீங்கின கண்ணைப் பார்த்தாய். "இல்ல" என்றாய். ஒரே வாரத்தில் நீ சொன்ன இரண்டாவது பொய் அது. அதை நான் மறுக்கவில்லை. வாயைத் திறந்து "நான் அடிச்சனுங்க" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்த அம்மா ஒரு பழுப்பு மருந்தை உன் முழங்காலில் இருந்து கணுக்கால்வரை பூசிக் காயவிட்டார். அயோடின் என்றார். அதன்மேல் வெள்ளை மாவு தூவினார். வேர்வை பட்டால் கறுக்கும், படாவிட்டால் நிறம் மாறாது என்றார். உன் அப்பாவைப் பார்த்து, "இவனைக் கூட்டிட்டுப் போய் அந்த மாடிப்படியில மூணு தடவை ஏறி இறங்கிட்டு வாங்க" என்றார். போய் வந்தீர்கள். வந்து நின்றபோது உன் கால் மாவு பூசியபடியே இருந்தது, அந்த ஒரு இடம் மட்டும் மை கொட்டிய மாதிரி கன்னங்கரேலென்று ஊறிப்போயிருந்தது. உன் அப்பா குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு விரலையும் பார்த்தார்.

"காயம் வேர்க்காதுங்க" என்றார் டாக்டர். "சதை டெஸ்ட் பண்ணித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா இது பிறவியிலேயே உள்ள விஷயமாத்தான் இருக்கணும்." சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார். "பையன் கால்ல இருக்கறது பிறவி. இவங்க மூஞ்சில இருக்கறது?"

அந்த அறையில் விசிறி சுற்றும் சத்தம்தான் கேட்டது, அதுவும் எனக்கு ஒரு காதில்.

மரத்துப்போக ஊசி போட்டு, பட்டாணி அளவுக்குச் சதை எடுத்து, இரண்டு தையல் போட்டார்கள். நீலத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு இருக்கிறதே, அது அந்தத் தையல்தான். ரிப்போர்ட் வரும்வரை பார்க்கலாம் என்று உன் அப்பா அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பத்து நாள் கழித்து அது வந்தது. எக்ரின் ஆஞ்ஜியோமேட்டஸ் ஹமர்ட்டோமா. அந்தப் பெயரை நான் ஒரு மாதம் மனப்பாடம் செய்தேன், கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று. டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்: கருவில் தோல் உருவாகும்போதே அந்த இடத்தில் வேர்வைச் சுரப்பிகளும் சின்ன ரத்தக் குழாய்களும் அளவுக்கு மீறி, ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்துவிட்டன. ரத்தக் குழாயால் நீலம், சுரப்பியால் வேர்வை. தொட்டால் வலிப்பதும் இதில் உண்டு. புற்றுநோய் இல்லை, ஒட்டாது. பிள்ளை வளர வளரக் கொஞ்சம் பெரிதாகலாம். வலி தாங்கவில்லை என்றால் அறுத்து எடுக்கலாம், இல்லாவிட்டால் அப்படியே விடலாம். பரம்பரையாக வருவதாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடு, பின்னால் அவளாகப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ரிப்போர்ட் வாங்கி வந்த அன்று உன் அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அந்த ஸ்கேலை எடுத்துத் தன் கையில் தானே அடித்துக்கொண்டார், விரல் இரண்டு உடைகிற அளவுக்கு. அன்றைக்குப் பட்டறை லீவு, சத்தம் எல்லோருக்கும் கேட்டது. லைன் வீடு முழுக்க ஓடி வந்தது. "விடுங்க மாஸ்டர், தெரியாமப் பண்ணிட்டீங்க" என்று அவரைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். என் காதில் இருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. நான் கூட்டம் கலையும்வரை பொறுத்திருந்து சொன்னேன்: "நீங்க அடிச்சுக்கறத நிறுத்துங்க. எனக்கு அதுவும் அடிதான். எத்தனை பேர் முன்னால என்னைச் சொன்னாங்களோ, அத்தனை பேர் முன்னால வந்து சொல்லுங்க. அது போதும்."

சொன்னார். அவிநாசியில் அத்தை வீட்டு முற்றத்தில், காதுகுத்துக்கு வந்தவர்களை வரச்சொல்லி, கட்டுப்போட்ட கையோடு நின்று, "அவ அடிக்கலை. நான்தான் அவள அடிச்சேன்" என்று சொன்னார். அத்தை, "இருந்தாலும் டவுசர் போட்டு மறைச்சாளே" என்றாள். உன் அப்பா, "நீ பேசாதே அக்கா" என்றார். வாழ்நாளில் அவர் அக்காவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். பிறகு சாகும்வரை என்மேல் கை வைக்கவில்லை. ஆனாலும் கண்ணு, அவர் விளக்குப் போடக் கையைத் தூக்கினால் நான் குனிந்துவிடுவேன். பத்து வருஷம் ஆகியும் குனிந்தேன். அவரும் அதைப் பார்ப்பார். அப்படித்தான் வாழ்ந்து முடித்தோம்.

அவரால் எழுந்து நின்று சொல்ல முடிந்தது. நான் அதைக்கூடச் செய்யவில்லை. அவர் என் காலைப் பிடித்து அழுதபோதும், நான் அடித்ததைச் சொல்லாமல் அந்த மன்னிப்பை முழுசாக வாங்கிக்கொண்டேன். "எங்க சித்தி என்னை ஒரு அடி அடிச்சதில்லை" என்று நீ எல்லோரிடமும் சொல்வாய். பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னாய். உனக்கு நிஜமாகவே மறந்துவிட்டதா, இல்லை எனக்காக இன்னும் அதே பொய்யைச் சொல்கிறாயா என்று கேட்க எனக்கு இதுவரை வாய் வரவில்லை. அடித்தேன் கண்ணு. தெரிந்தே, வலிக்கிற இடம் பார்த்து அடித்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். மன்னிக்காவிட்டாலும் அது உன் நியாயம்.

அந்த பீகார்க்காரர் மறந்திருக்க மாட்டார். பாஷை தெரியாதவன் கன்னத்துக்கும் வலி தெரியும். கறை துணியில் இருந்ததா, மெஷினில் இருந்ததா என்று ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். அவர் மெஷினில்தான் விழுந்திருந்தது என்றாலும், ஐம்பது வயசு மனுஷனை அறைய உனக்கு யார் உரிமை கொடுத்தது? நாளைக்கு நீ போ. தனியாகக் கூப்பிட்டுத் தோளில் தட்டி, நூறு ரூபாய் கொடுத்துச் சமாளிக்காதே. அதே லைனில், மெஷினை நிறுத்தச் சொல்லி, பார்த்தவர்கள் எல்லோரும் பார்க்க, தப்பு என்னுது என்று சொல். இந்தி தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்ல வை. அவர் கோபப்பட்டால் நின்று கேட்டுக்கொள்.

கல்யாணப் பத்திரிகை அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்றாய். நீ போய்ச் சொல்லிவிட்டு வந்தால் அதில் என் பெயரைப் போடு, மணமேடையில் தாய் ஸ்தானத்தில் வந்து உட்காருகிறேன். சொல்லாவிட்டால் என் பெயர் வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் அந்தப் பெண்ணிடமும் படிக்கக் கொடு. இந்த வீட்டில் யார் யாரை அடித்தார்கள் என்று தெரிந்துகொண்டே அவள் வரட்டும்.

உன் சித்தி